வீட்டுக் கணினியும் பழம் பத்திரங்களும்

கண்டி மாவட்டத்துத் தேயிலை மலைகளினிடையே அமைந்த ஊர் கலஹா. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தக முறையில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதன் அயலிலேயே உள்ளது. இப்பகுதி லயங்களில் வாழும் குடும்பங்களுக்குப் பழைய காகிதம் வெறுங் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வசிக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. பிறப்பு எங்கே, வசிப்பு எங்கே என்பதே இரு சட்டங்களிலும் எழுந்த வினா.

அதற்கு விடை கூறும் பத்திரங்களுக்கு ஈரமும் கறையானும் மண்சரிவும் பகை. எனவே அவற்றின் படங்களை ஸ்கேனர் மூலம் கணினியில் ஏற்றி வைப்பது நன்று. ஆயின் கணினியின் உள்வட்டும் ஒரு நாள் பழுதாகலாம். அப்படங்களைத் தனியே பிரித்து வைக்க உதவுவதே டி.வி.டி. ரைட்டர் எனும் கருவி.

இதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டுவதில்லை. பழைய மலிவான மேசைக் கணினியின் பெட்டி முகப்பில் ஐந்தேகால் அங்குல அறை ஒன்று பெரும்பாலும் இருக்கும். மின்னிணைப்பைக் கழற்றியபின் கருவியை அதனுள் செலுத்தித் திருகாணியால் இறுக்கி, தாய்ப்பலகைக்கு ஒரு வடமும் மின்வழங்கியிலிருந்து ஒரு வடமும் பொருத்தினாற் போதும். தாய்ப்பலகை சாட்டா வகையா, அதற்கு முந்திய அகன்ற பட்டைவட வகையா என்பதை முன்னரே பார்த்து வாங்குதல் வேண்டும். அறையில்லாத பெட்டிகளுக்கு யூ.எஸ்.பி. வழியாக இணையும் வெளிக்கருவி பொருந்தும்.

எழுதத்தக்க இறுவட்டினுள் ஒரு சாயப்படலம் உண்டு. லேசர் கதிர் பட்ட இடம் சூட்டினால் மாறி ஒளியைக் குறைவாகத் திருப்புகின்றது. அந்த மாறுதல்களே எழுத்தாகவும் படமாகவும் பின்னர் வாசிக்கப்படுகின்றன. இதனாலேயே ஆங்கிலத்தில் இச்செயலை எரித்தல் என்பர். சி.டி. ஒன்று சுமார் 700 மெகாபைட் கொள்ளும். ஒற்றைப் படல டி.வி.டி. 4.7 கிகாபைட் கொள்ளும். ஒரு பக்கம் ஒரு மெகாபைட் எனக் கொண்டால், பின்னதில் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் அடங்கும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்தல் அவசியம். வெயிலும் ஈரமும் சாயத்தைக் கெடுக்கும். கீறலும் கூர்முனைப் பேனாவும் வட்டைப் பழுதாக்கும். உறையிலிட்டு, ஆண்டுக்கொரு முறை சோதித்து, ஐயமெழுந்தால் புதிய வட்டில் மறுபடி எழுத வேண்டும்.

ஒரே பிரதியை நம்புவதன் கேட்டை இலங்கைத் தமிழர் அறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. மறுபிரதியற்றவை மீளவேயில்லை. ஆதலால் இரு வட்டுகள் எழுதி, ஒன்றை வேறூரிலுள்ள உறவினரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

இறுவட்டிலுள்ள படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. மூலத்தையும் பேணியே ஆக வேண்டும். எனினும் மூலம் அழிந்துபோனால், பதிவிலக்கத்தையும் திகதியையும் படத்திலிருந்து அறிந்து, பதிவாளர் அலுவலகத்தில் மறுபிரதி கேட்க வழி பிறக்கும்.