மழுங்கிய உளியும் மெதுவான மடிக்கணினியும்

டுரியான் துங்காலில் இருக்கும் என் அண்ணி, கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். வாரத்தில் 2 நாள் அலுவலகம், 3 நாள் வீடு. அண்மையில் நான் போயிருந்தபோது, காலை எட்டரைக்கு மடிக்கணினியைத் திறந்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். "இது எழுந்து வர்றதுக்குள்ள உனக்கு ஒரு தே கலக்கிடலாம் தம்பி" என்று சிரித்தார்.

பத்து மணிக் கூட்டத்தில் திரை உறைந்து நின்றபோது அந்தச் சிரிப்பு இல்லை. "வீட்டுல லைன் சரியில்லையா?" என்று கேட்டார் மேலாளர். லைனில் குறையில்லை. அதே வைஃபையில் என் கைப்பேசியில் படம் தடங்கலின்றி ஓடியது. கோளாறு கணினியில். அது அண்ணி சொந்தப் பணத்தில் வாங்கியது, வயது எட்டு. அவருடைய ஆண்டு மதிப்பீட்டிலோ 'வேலையில் வேகம் போதாது' என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். உளியைத் தீட்டாமல் மரத்தடிக்குப் போகமாட்டார். மழுங்கிய உளி பட்டையைக் காயப்படுத்தும், பாலும் குறையும். இன்றைய உளி கணினி. அதைத் தீட்டுவது யார் பொறுப்பு?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தோம். நானும் போர்வைக்குள் உட்கார்ந்து வானொலி அறிவிப்புகளைப் பதிவு செய்திருக்கிறேன். அது அவசரம். அவசரத்துக்குச் செய்தது பல இடங்களில் வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

2023 ஜனவரி 1 முதல், திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தின்படி, வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றிக் கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால், வீட்டில் வேலை செய்யக் கணினி தருவது யார் என்று அந்தப் பிரிவுகள் சொல்லவில்லை. எனவே, விண்ணப்பிக்கும்போதே கணினி, பழுதுபார்ப்பு, இணையச் செலவு யாருடையது என்பதையும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இது வேகம் பற்றிய பேச்சு மட்டுமல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அது ஏற்கும் புதிய செயலியும் வேண்டும். பழைய கணினியில் எஸ்எஸ்டி மாற்றினால் வேகம் கூடும். ஆனால் செயலி பழையதென்றால் அதிகாரப்பூர்வமாக விண்டோஸ் 11க்கு மாற முடியாது. உலாவி, கணக்கு மென்பொருள், காணொளிக் கூட்டம் மூன்றும் ஒன்றாக ஓட 8 ஜிபி ரேம் திணறும். 16 இருந்தால் நிம்மதி.

முதலாளிகளும் யோசிக்க வேண்டும். பாதுகாப்பில்லாத கணினியில் வாடிக்கையாளர் விவரம் இருந்து அது கசிந்தால், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டிவரும். ஊழியரின் சொந்தக் கணினி என்பது தப்பிக்கும் வழியாகாது.

அண்ணிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: ஒரு வாரத்துக்குக் கணினி எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் போனது என்று குறித்து, தேதியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அண்ணிக்கோ, நல்ல கணினி வேண்டும் என்று கேட்கவே தயக்கம். எப்படியோ எழுதிவிட்டார். இரண்டு வாரத்தில் புதுக் கணினி வந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாராம் மேலாளர்.

இப்போது தே கலக்க நேரமில்லை என்று அண்ணி சிரிக்கிறார். மதிப்பீட்டில் எழுதிய அந்த வரி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.