இருபது நிமிடத்தில் கோழி நூடுல்ஸ்: உப்புக் கட்டுப்பாடு உள்ள வீடுகளுக்கு

உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. இளநீர் தரலாமா, கருவாடு தரலாமா, வாழைப்பழம் தரலாமா என்று அவை வரிசையாக வரும். விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒன்பது வயது மகனை அழைத்து வந்திருந்த தாயார் ஒருவர், பையனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நூடுல்ஸ் தரலாமா, மேடம்?"

பையனுக்குச் சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ராட்டிக் நோய். முகமும் கால்களும் வீங்கியதால் சேர்க்கப்பட்டு, பிரெட்னிசோலோன் மாத்திரையுடன் வீடு திரும்பியிருந்தான். இந்த மருந்து பசியைக் கடுமையாகத் தூண்டும். அதே நேரத்தில் வீக்கம் வற்றும்வரை உப்பை வெகுவாகக் குறைக்க வேண்டும். எப்போதும் பசிக்கும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் சப்பென்று இருக்கும் நிலை அது. அவனுடைய அண்ணன் டியூஷன் முடிந்து வந்து தனக்கு மட்டும் நூடுல்ஸ் செய்துகொண்டிருக்கிறான். ஒருநாள் அண்ணன் எறிந்த மசாலா உறையைத் தம்பி எடுத்து, ஒட்டியிருந்த தூளை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்ததைத் தாயார் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் நூடுல்ஸே வாங்குவதில்லை. இப்போது பெரியவன் தெருமுனைக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறான். சின்னவன் அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அழுகிறான்.

'வேண்டாம், அம்மா' என்று ஒரே சொல்லில் அனுப்பியிருக்கலாம். அதற்கு முன், நூடுல்ஸில் எது தீங்கு என்று பிரித்துப் பார்ப்போம் என்று அவரிடம் சொன்னோம். அன்று அவருடன் பேசியவற்றையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக எங்களிடம் வரும் பெரியவர்கள் வீட்டிலும் இதே சிக்கல் உண்டு.

தீங்கு எங்கே இருக்கிறது?

உடனடி நூடுல்ஸை 1958ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர் மோமொஃபுகு ஆண்டோ. அதன் முதல் சுவையே கோழிச்சாறுதான். வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து, நீரை வெளியேற்றி உலர்த்துவது அவர் கண்ட வழி. அதனால்தான் அது இரண்டு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. அதனால்தான் அதில் எண்ணெயும் மிகுந்திருக்கிறது. உப்போ பெரும்பாலும் கூடவே வரும் மசாலா உறையில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. சோடியம் கணக்கில் இது 2000 மில்லிகிராம். அளவாகச் சொன்னால் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. சிறுவர்களுக்கு இதைவிடக் குறைவு. கடையில் கிடைக்கும் உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தைத் திருப்பி, பின்புறத்தில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். பலவற்றில் ஒரு பொட்டலத்தின் சோடியம் மட்டுமே இந்த அளவின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். அட்டவணை 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். எழுத்து மிகச் சிறிது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தெருக்கடை நூடுல்ஸில் அட்டவணையும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. அதற்கு மேல் மிளகாய் சாஸ், உப்பு, அஜினமோட்டோ. இந்தக் கடைசிப் பொருளைப் பற்றி வேண்டாத அச்சம் நம்மிடையே நிறைய இருக்கிறது. 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த சுவைப்பொருள் அது. எடைக்கு எடை பார்த்தால் அதில் உள்ள சோடியம் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் அதுவும் கணக்கில் சேரும் என்பதால் நம் செய்முறையில் அதைத் தவிர்த்திருக்கிறோம்.

மசாலா உறையையும் சாஸ் வெள்ளத்தையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது மாவு, கோழி, காய்கறி, சிறிது எண்ணெய். இவற்றில் அந்தப் பையனுக்கு ஆகாதது என்று எதுவும் இல்லை.

புதுச்சேரிக்கு இந்த உணவு அயலானதும் அன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இங்கிருந்து படைவீரர்களாகவும் அலுவலர்களாகவும் சைகோனுக்குச் சென்ற குடும்பங்கள் பல. அவர்கள் திரும்பி வந்தபோது வியட்நாமியச் சமையலும் உடன் வந்தது. மெல்லிய மாவுத்தாளில் கொத்துக்கறியையும் கண்ணாடிச் சேமியாவையும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் பலகாரத்தை இன்றும் இங்குச் சில வீடுகளில் செய்கிறார்கள். அந்தச் சமையலின் ஒரு பழக்கம் நமக்கு இங்கே உதவும்: எலுமிச்சையும் பசுந்தழையும் சுவையின் பெரும்பங்கைச் சுமக்க விடுவது.

செய்முறை

நால்வருக்கான அளவு இது. மசாலா உறை இல்லாத வெறும் நூடுல்ஸ் 200 கிராம். பொரிக்காமல் உலர்த்திய வகையாகவும், அட்டவணையில் சோடியம் குறைந்ததாகவும் பார்த்து வாங்குங்கள். எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 250 கிராம். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் சேர்த்து 300 கிராம். ஆறு பல் பூண்டு, ஒரு விரற்கடை இஞ்சி, ஒரு கைப்பிடி வெங்காயத்தாள், நான்கு தேக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி சோள மாவு, ஓர் எலுமிச்சம்பழம். சோயா சாஸ் ஒரே ஒரு தேக்கரண்டி. தனியாக உப்பு கிடையாது.

முதலில் காய்கறிகளைக் கழுவி, தீக்குச்சி அளவில் மெலிதாக நறுக்கி வையுங்கள். அடுத்துக் கோழியை விரல் நீளத்தில், அரை விரல் தடிமனில் நறுக்கி, பாதி மிளகுத்தூள், அரை மூடி எலுமிச்சைச் சாறு, சோள மாவு சேர்த்துப் பிசறி வையுங்கள். மாவு ஒரு மெல்லிய போர்வை போலப் படிவதால் நெஞ்சுக்கறி வறண்டு போகாது. நூடுல்ஸைக் கொதிக்கும் நீரில் உப்பில்லாமல், நடுவில் சற்றே கடினம் இருக்கும் பதத்தில் வேகவைத்து வடித்து, குளிர்ந்த குடிநீரால் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்பிவிடுங்கள். ஈரத்துடன் வாணலியில் போட்டால் களியாகிவிடும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வதக்கத் தொடங்கிய பிறகு வெங்காயத்தாளைத் தேடினால் பூண்டு கருகிவிடும்.

இரும்பு வாணலியைப் பெருந்தீயில் நன்றாகக் காயவிட்டு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிக் கோழித் துண்டுகளில் பாதியை மட்டும் போடுங்கள். கடைக்காரரின் அடுப்பைப் போல நம் வீட்டு அடுப்பில் தீ சீறி எழாது. மொத்தமாகப் போட்டால் வாணலி குளிர்ந்து, கோழி நீர்விட்டு, வறுபடுவதற்குப் பதிலாக அந்த நீரிலேயே வெந்துவிடும். ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள், அடிப்பக்கம் பொன்னிறமாகட்டும். பிறகு புரட்டி, நான்கைந்து நிமிடத்தில் உள்வரை வெந்ததும் தூய தட்டில் எடுத்துவிட்டு மறுபாதியைப் போடுங்கள். இந்தப் பொன்னிறம்தான் உப்பில்லாக் குறையை ஈடுசெய்யும் முதல் ஆள். இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குவதை 1912இல் விளக்கியவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இன்றும் அந்த வேதிவினை அவர் பெயரால்தான் வழங்குகிறது.

அதே வாணலியில் மீதி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய பூண்டையும் இஞ்சியையும் அரை நிமிடம் வதக்கிக் காய்கறிகளைச் சேருங்கள். பீன்ஸும் கேரட்டும் முதலில். கோஸும் குடைமிளகாயும் பிறகு. மூன்று நிமிடம் போதும், பல்லில் கடிபடவேண்டும். நூடுல்ஸையும் கோழியையும் சேர்த்து இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். சோயா சாஸை இறக்குவதற்கு அரை நிமிடம் முன்புதான் ஊற்ற வேண்டும். தொடக்கத்திலேயே சேர்த்த உப்பு உணவுக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும். கடைசியில் சேர்ப்பது மேற்பரப்பிலேயே தங்கி நாவில் நேரே படுவதால், குறைந்த அளவே போதுமானதாகத் தோன்றும். இறக்கிய பின் மீதி மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, வெங்காயத்தாள். புளிப்பு உப்புச் சுவையை எடுத்துக்காட்டும். எலுமிச்சையில் கைச்சுருக்கம் வேண்டாம்.

சாஸின் வழியாக ஒருவருக்குச் சேரும் சோடியம் ஏறத்தாழ 75 மில்லிகிராம். கோழியில் இயல்பாக உள்ளது அதற்கும் குறைவு. நூடுல்ஸில் உள்ளதைப் பொட்டலத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோழியைக் கையாளும்போது

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்பவர்களுக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் உப்பைவிட அவசரமான ஆபத்து பச்சைக் கோழியில் இருக்கிறது. அதில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டுக் குழாயடியில் வைத்து அலசுவது மாறாத வழக்கம். வேகமாக விழும் நீர் தெறித்து, அந்தக் கிருமிகளைப் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக்கும் குடிநீர்ச் செம்புக்கும் கொண்டுபோகும். கழுவாமல் சமைப்பதே பாதுகாப்பு என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். கழுவாமல் மனம் ஒப்பாது என்பவர்களிடம் நாங்கள் வாதாடுவதில்லை. குழாயைத் திறக்காமல், ஆழமான பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசி, நீரைத் தெறிக்காமல் கொட்டி, தொட்டியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள் என்கிறோம். காய்கறிகளை முதலில் நறுக்கச் சொன்னதற்கும் காரணம் இதுதான்: கோழி பட்ட பலகையில் காய் நறுக்கக் கூடாது.

தடித்த துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக்கூடாது. சாறு தெளிவாக வரவேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி செல்சியஸ் என்பது கணக்கு. மேலே சொன்ன நோயாளிகளின் தட்டில் பச்சை வெங்காயத்தாளைத் தூவாமல், அதையும் வாணலியிலேயே வதக்கிவிடுங்கள்.

மீந்ததை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். வெந்த மாவுப்பண்டத்தில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. நோயாளிக்கு எப்போதும் புதிதாகச் செய்ததையே கொடுங்கள்.

யாருக்கு என்ன மாற்றம்

நீரிழிவு உள்ளவர்கள் நூடுல்ஸைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்கலாம். கோதுமை நூடுல்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும் முதல் மூலப்பொருள் மைதாவாக இருப்பதுண்டு, படித்துப் பாருங்கள். மைதா ஒத்துக்கொள்ளாதவர்கள் முந்தைய நாள் உலர்ந்த இடியாப்பத்தையோ, கடையில் விற்கும் அரிசிச் சேவையையோ இதே முறையில் புரட்டலாம். உண்மையைச் சொன்னால் எங்களுள் சிலருக்கு அதுதான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளிகளுக்குக் காய்களை நறுக்கி, நிறைய நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வதக்க வேண்டும். கோழியின் அளவை அவரவர் மருத்துவரே சொல்வார். 'குறைந்த சோடியம் உப்பு' என்று விற்கப்படுவதை இவர்கள் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. அதில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமான சில மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வார்ஃபரின் எடுப்பவர்கள் கோஸையும் கீரையையும் ஒரு வாரம் அள்ளிப்போட்டு மறுவாரம் விட்டுவிடாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டு வர வேண்டும்.

அந்தத் தாயார் அடுத்த முறை வந்தபோது பையனையும் உள்ளே அழைத்து வந்தார். முதல் நாள் பெரியவன் ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பே இல்லையே" என்று தட்டைத் தள்ளினானாம். அவனுக்கு மட்டும் மேலே சிறிது உப்புத் தூவிக் கொடுத்திருக்கிறார். வாணலி என்னவோ ஒன்றுதான். சின்னவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். கடை நூடுல்ஸ் மாதிரி இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னான். பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டே, கோழியை இன்னும் கொஞ்சம் மொறுமொறுவென்று செய்யச் சொல்லுங்கள் என்றான். இரண்டாவது பாதியைப் போடும் முன் வாணலியை மறுபடி காயவிடச் சொல்லி அனுப்பினோம்.