ஓடும் நிரலைக் கண்காணித்தல்

பிழையுள்ள செய்நிரல் தன் பிழையை எளிதிற் காட்டுவதில்லை. நினைவகத்தின் ஓரிடத்தில் இருக்கவேண்டிய எண் மாறிக் கிடக்கும். அதனை மாற்றியது எது, எப்பொழுது மாற்றியது என்பன புலப்படா. இவ்விடரைத் தீர்த்தற்கு உதவுவது நிறுத்துபுள்ளி என்னும் ஏற்பாடு. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரெல் 80386 என்னும் முறைவழியாக்கி, நான்கு முகவரிப் பதிவகங்களை இதற்கென ஒதுக்கிற்று. அவற்றுள் ஒன்றில் ஒரு முகவரியை இட்டுவைப்பின், அவ்விடத்தில் எதுவும் எழுதப்பட்டவுடனே அச்செய்தி அறிவிக்கப்படும்.

இப்பதிவகங்களைப் பயனர் நேரே தொடுதல் தகாது. பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கெர்னலே அவற்றைக் காத்து வழங்கும். லினக்ஸ் கெர்னலின் 2.6.31ஆம் பதிப்பு, 2009இல், கட்டளைகளின் எண்ணிக்கை முதலியவற்றை அளக்கும் இடைமுகம் ஒன்றைத் தந்தது. அடுத்த ஆண்டில் வந்த 2.6.33ஆம் பதிப்பு நிறுத்துபுள்ளிகளையும் அதனுள் அடக்கிற்று. வேண்டிய நிகழ்வின் பண்புகளை ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால், கெர்னல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பின்னைய தொடர்பெல்லாம் அவ்வெண் வழியே நிகழும்.

ஆயின், கண்காணிக்கும் முகவரியை மாற்ற விரும்பின் செய்வது யாது? பழைய நிகழ்வை மூடிப் புதியதைத் திறப்பதே இவ்விடைமுகத்தில் முன்பிருந்த வழி. அவ்வாறு அடிக்கடி மாற்றுங்காற் காலம் வீணாகும். மூடுதற்கும் திறத்தற்கும் இடைப்பட்ட வேளையில் நிகழ்வது கண்ணுக்குத் தப்பும்; விடுபட்ட பதிவகத்தை வேறொருவர் கைப்பற்றவுங் கூடும். இதனால், உள்ள நிகழ்வை மூடாமலே அதன் பண்புகளை மாற்றும் கட்டளை 2018இல் 4.17ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. அது நிறுத்துபுள்ளிகளுக்கு மட்டுமே உரியதாக அமைந்தது.

எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதே இங்கு எழும் வினா. முகவரி, கண்காணிக்கும் நீளம், எழுத்தா வாசிப்பா என்னும் வகை, இயங்குநிலை ஆகியன மாறலாம். ஏனைய பண்புகள் பெரும்பாலும் முன்னிருந்தவாறே இருத்தல் வேண்டும். வேறுபடின் வேண்டுகோள் மறுக்கப்படும். வேறுபட்டதைப் பொருட்படுத்தாது விட்டாலென்ன எனச் சிலர் கேட்கலாம். அங்ஙனம் விடின், மாறாத ஒன்றை மாறியதாகவே பயனர் நம்புவர். அவர் பெறும் முடிவுகள் யாவும் பிழைபடும். தெளிவான மறுப்பு, மௌனமான ஏமாற்றத்தினும் நன்று.

மற்றொன்று, மாற்றத்தின் ஒழுங்கு. எட்டு பைற் நீளத்தைக் கண்காணிக்க வேண்டின், முகவரி எட்டின் மடங்காதல் வேண்டும் என்பது இன்ரெல் முறைவழியாக்கியின் விதி. புதிய முகவரியை எழுதிய பின்னரே நீளம் பொருந்தாமை தெரியவரின், நிகழ்வு பழையதுமாகாது புதியதுமாகாது நிற்கும். ஆதலின், பண்புகளை முதலிற் சோதித்து, குறையில்லையெனக் கண்டபின்னரே நிலைநாட்டும்படி அதே ஆண்டிற் கெர்னலின் இப்பகுதி திருத்தியமைக்கப்பட்டது. ஒரு நிகழ்வை மரபுரிமையாகப் பெற்ற சேய் நிகழ்வுகளும் அதனுடன் மாறவேண்டுமென்னும் திருத்தம் 2021இற் சேர்ந்தது.

நாடி பார்க்கும் மருத்துவர் நாடியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதில்லை. ஓடும் நிரலை ஆராயும் கருவியும் அத்தகையதே. ஓட்டத்தைக் குலையாது மாற்றவேண்டும். மாற்ற இயலாதபோது அதனை மறையாது சொல்லவேண்டும். அளப்பதற்கென அமைந்த இடைமுகம் ஒன்றின் நம்பகம் இவ்விரண்டிலுமே தங்கியுள்ளது.