வந்தேறிகள் யார்?

சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள செல்லிப்பட்டில் ஒரு வரப்புத் தகராற்றினிடையே, "நீங்கள் வந்தேறிகள்தாமே" என்ற ஏச்சு நமது செவியில் விழுந்தது. வைதவரும் வந்தவரே, வையப்பட்டவரும் வந்தவரே. ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி, இதுவே வித்தியாசம்.

அவ்வாற்றின் கரையோடு மேலே சென்றால் திருவக்கரை. அங்கே கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுடையன. அவையும் அங்கு வளர்ந்தவையல்ல, வெள்ளம் அடித்துக் கொணர்ந்தவை என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் அபிப்பிராயம். மரமே வந்தேறியாயின் மனிதனைச் சொல்வானேன்!

1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்திலும், பின்னர் கொசஸ்தலையாற்றுப் பிரதேசத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயதென்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டனர். அவற்றைச் செய்தோர் நம்மினத்தாருமல்லர். நமக்கு மிக முந்திய மனித வகையார். முந்தி வந்தவருக்கே பாத்தியம் என்றால் அவர்கள் பெயரிலன்றோ பட்டா எழுதவேண்டும்? வாரிசென்று வந்து நிற்பார்தாம் இல்லை.

நம்மினம் ஆப்பிரிக்காவில் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகளாகின்றன. அதற்கு வெளியே இன்று வாழும் ஜனங்களின் முன்னோரிற் பெரும்பாலார் ஏறக்குறைய 60,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வெளிப்பட்டனர். ஏன் வெளிப்பட்டனர்? மழைக்காலம் நீடித்தபோது சஹாரா புல்வெளியாகி, மந்தைகளையும் அவற்றின் பின்னே மனிதரையும் அழைத்தது. வறண்டபோது வெளியே தள்ளிற்று. உழவறியாத வேட்டுவக் கூட்டம் பிழைக்க மிகுந்த நிலம் வேண்டும். பிள்ளைகள் பெருகினாலும் பூசல் மூண்டாலும் ஒரு பகுதி பிரிந்து அடுத்த ஓடைக்கரைக்குப் போகும். அஃது ஒரு பெரும் யாத்திரையென்று அவர்களுக்கே தெரியாது. தலைமுறைக்குப் பத்து மைல் நகர்ந்தாலும் நூறு தலைமுறையில், அதாவது சுமார் 2,500 ஆண்டுகளில், ஆயிரம் மைல் ஆகிவிடுகிறது.

ஆயினும் பசியொன்றே காரணமென்பாரோடு நாம் உடன்படோம். கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த காலத்திலும் ஆஸ்திரேலியாவுக்குத் தரைவழி இல்லை. குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அங்கே சேர்ந்துவிட்டனர். பெண்டு பிள்ளைகளை மிதவையில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு, அக்கரையில் என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆவலும் இருந்திருக்க வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், அவ்வட்டாரத்துக் கிராமத்தார் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்னும் மரபணுக் குறியைக் கண்டறிந்தார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடத்தும் அக்குறி மிகுதி. பழைய கூட்டமொன்றின் ஒரு கிளை இங்கே நின்றது. மற்றொன்று கடல் கடந்தது. நின்றவரையும் போனவரையும் பிரித்தது எது என்று சொல்ல எந்தச் சாட்சியும் இல்லை.

செல்லிப்பட்டு வரப்பை அளக்கச் சர்வேயர் வருவதாகச் சொன்னார்கள்.