இந்த வாரம் என்ன பாட்டுக் கேட்டீர்கள்?

பிறந்த குழந்தையை ஆறாம் வாரத் தடுப்பூசிக்காக எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அழைத்து வரும்போது, எடை பார்த்து, தலைச் சுற்றளவு அளந்து, ஊசியும் போட்டு முடித்தபின் தாயிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “இந்த வாரம் என்ன பாட்டுக் கேட்டீர்கள்? ஏதாவது படம் பார்த்தீர்களா?” உடன் வந்திருக்கும் பாட்டிமார் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. “பிள்ளை பெத்தவளுக்கு இப்பப் படம் ஒண்ணுதான் குறைச்சல்” என்று சிலர் சிரித்தபடியே சொல்லிவிடுவார்கள். பேச்சுக்காகக் கேட்கும் கேள்வி அன்று இது. தாயின் உடல் வெப்பத்தையும் இரத்த அழுத்தத்தையும் எந்த நோக்கத்தோடு பார்க்கிறோமோ, அதே நோக்கத்தோடுதான் இதையும் கேட்கிறோம்.

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுத்தப்படும் எடின்பரோ வினாப்பட்டியல் 1987-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் மொத்தம் பத்தே வினாக்கள். எல்லாம் கடந்த ஏழு நாள்களைப் பற்றியவை. முதலிரண்டு வினாக்கள் அழுகையைப் பற்றியோ உறக்கத்தைப் பற்றியோ அல்ல. சிரிக்க வேண்டியதைக் கண்டு சிரிக்க முடிகிறதா என்பது முதலாவது. வரப்போகும் ஒன்றை மகிழ்ச்சியோடு எதிர்பார்க்க முடிகிறதா என்பது இரண்டாவது. வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சியைக் கண்டால் முன்பெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்த ஒரு பெண், இப்போது அதே காட்சியைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தால், அது எங்களுக்கு ஒரு நோய்க்குறி. நேரமில்லாததால் பாட்டுக் கேட்கவில்லை என்பது வேறு; நேரமிருந்தும் எந்தப் பாட்டும் பிடிக்கவில்லை என்பது வேறு. இரண்டாவதையே நாங்கள் தேடுகிறோம்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அளவில் காரணமின்றிக் கண்ணீர் வருவதும், சிறு சொல்லுக்கும் மனம் கலங்குவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு நேர்வதுதான். இரண்டு வாரங்களுக்குள் அது தானே தணிந்துவிடும். தணியாமல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, பிள்ளை பெற்ற தாய்மாரில் சுமார் 22 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாகக் கணித்தது. அதாவது ஐவரில் ஒருவர். ஆயினும், “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு யாரும் எங்கள் அறைக்குள் நுழைவதில்லை. “பால் பத்தலை”, “பிள்ளை ராவெல்லாம் அழுவுது” என்றுதான் வருகிறார்கள்.

நம் காரைக்கால் பகுதியில் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இன்றும் உள்ளது. அது பெரிய நன்மை. சமைத்துப் போட ஆள் இருக்கிறது, குழந்தையைக் குளிப்பாட்டக் கைதேர்ந்த பாட்டி இருக்கிறார். ஆனால் அதே வீட்டில், “பிள்ளை பெற்ற உடம்போடு புத்தகம் படித்தால் கண் கெடும், தொலைக்காட்சி பார்த்தால் தலைவலி நிலைத்துவிடும்” என்ற தடையும் இருக்கிறது. பெரியவர்களிடம் மரியாதையோடு சொல்கிறோம்: இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் படித்த காலத்தில், களைத்த உடலுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்ற அக்கறையில் எழுந்த அறிவுரையாக அது இருக்கலாம். இன்று நல்ல வெளிச்சத்தில் கால் மணி நேரம் ஒரு நாவலைப் படிப்பதால் எந்தத் தாயின் கண்ணும் கெடாது. நாற்பது நாள் ஓர் அறைக்குள், அவளுக்குப் பிடித்த ஒன்றுகூட இல்லாமல் இருக்க வைப்பதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது.

புதிதாகப் பெற்றோரானவர்களின் நாள் எப்படிப்பட்டது என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது நிமிடம். பின்னர் ஏப்பம் விடச் செய்தல், துணி மாற்றுதல். இதற்கிடையில் மூன்று மணி நேரப் படத்தை ஒரே அமர்வில் பார்ப்பது நடவாது. அரை மணி நேரமாகத் துண்டு துண்டாய்ப் பார்க்கலாம். ஒரு படம் ஒரு வாரம் ஓடும். கதை மறந்துபோகுமே என்றால், ஏற்கெனவே பார்த்துப் பிடித்துப்போன படத்தையே மறுபடியும் பாருங்கள். களைத்த மூளைக்குத் தெரிந்த கதையே ஆறுதல். படிப்பதற்குச் சிறுகதை பொருத்தமானது. ஒரு முறை பாலூட்டும் நேரத்தில் ஒன்று முடிந்துவிடும். கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் இன்னும் பொருத்தம். நடுவில் விட்டாலும் இழை அறுவதில்லை. வானொலி எல்லாவற்றினும் எளிது. கைகள் இரண்டும் குழந்தையிடம் இருக்கையில் காதுக்கு மட்டும் வேலை. நம்மூர்ப் பண்பலையின் பழைய திரைப்பாடல்கள் இத்தனை காலம் டெல்டாவின் அடுக்களைகளில் ஒலித்துக்கொண்டிருப்பது வீணுக்கல்ல. (எங்கள் பிரிவிலேயே, இரவு மூன்று மணிக்குக் கேட்க இளையராஜாவா, விஸ்வநாதன் – ராமமூர்த்தியா என்ற வழக்கு நெடுநாளாகத் தீர்ப்பின்றி நடந்து வருகிறது.)

இவை தாய்க்கு ஆனவை. குழந்தைக்கு எந்தப் பாட்டு நல்லது, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்ற கேள்வியையும் அடிக்கடி கேட்கிறீர்கள். அதற்கு விடை, உங்கள் குரல்.

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதத்தை ஒட்டிக் கேட்கும் திறன் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்பிச் சூப்பியை உறிஞ்சுகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினார்கள். 1986-இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. கருவுற்ற பெண்கள் கடைசி ஆறு வாரங்கள் நாள்தோறும் இருமுறை ஒரே குழந்தைக் கதையை உரக்கப் படித்தார்கள். பிறந்த குழந்தைகள், முன்பு கேட்டறியாத கதையைவிட அந்தக் கதையையே நாடின. வேறொரு பெண் படித்தபோதும் அப்படியே. பொருள் புரிந்ததனால் அன்று. அதன் ஓசையும் ஏற்ற இறக்கமும் பழகியிருந்தன.

ஆகவே படக் கதைப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் வீட்டில் இருந்தால் மிக நன்று. இல்லையா, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் ‘பொன்னியின் செல்வ’னையே உரக்கப் படியுங்கள். கோடிக்கரையும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமும் வரும் கதை. நம் கடற்கரைக் குழந்தைக்கு அந்நியமானதன்று. பிறந்த குழந்தைக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அதுதான். கதையைக் கேட்டுக்கொண்டு உங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு அதுவே திரைப்படம்.

பாட்டு என்று வந்தால், நாம் பிறந்த மண் இதில் செல்வச் செழிப்புடையது. நமக்கு அண்மையிலுள்ள திருக்கண்ணபுரத்துப் பெருமாளை இராமனாகக் கண்டு குலசேகராழ்வார் ஒரு பதிகம் முழுவதும் தாலாட்டாகவே பாடியிருக்கிறார். ஓர் ஆண், கோசலையின் குரலில் பாடிய தாலாட்டு அது. நீலாம்பரி உறங்க வைக்கும் இராகம் என்று பெயர் பெற்றது. நாகப்பட்டினத்து நீலாயதாட்சி அம்மன் மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கீர்த்தனை அமைந்திருப்பதும் அந்த இராகத்திலேதான். நபிகள் நாயகத்தின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய மரபு நம்முடையது. தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்பர். கருவியோ பயிற்சியோ வேண்டாம்.

நாட்டுப்புறத் தாலாட்டுகளில் மாமன் சீரும் அத்தை அன்பும் மட்டும் இருப்பதில்லை. பிறந்த வீட்டின் ஏக்கம், புகுந்த வீட்டின் மீதான குறை, கணவன் மீதான ஊடல் ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் குழந்தையின் காதில் சொல்லிப் பாடியிருக்கிறார்கள். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவளை யாரும் கடிந்துகொள்ள முடியாதல்லவா? தாலாட்டு குழந்தையை உறங்க வைத்தது. தாயின் நெஞ்சையும் இறக்கி வைத்தது. இதை இன்றைய மருத்துவமும் வேறு வழியில் வந்து தொட்டிருக்கிறது. இலண்டனில் மனச்சோர்வுக் குறிகளுடைய 134 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. பத்து வாரங்கள் குழந்தைகளோடு கூடிப் பாடிய குழுவில், சோர்வு மிகுந்திருந்த தாய்மார் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். பாட்டு மருந்துக்கு மாற்று என்று இதற்குப் பொருளில்லை. பாட்டை வீண்வேலை என்று தள்ள இடமில்லை என்பதே பொருள்.

பாடுவது தாயின் வேலை மட்டும்தானா? ‘பாசமலர்’ (1961) படத்தின் புகழ்பெற்ற தாலாட்டை நினைத்துப் பாருங்கள். அதில் பி. சுசீலாவின் குரலோடு டி. எம். சௌந்தரராஜனின் குரலும் ஒலிக்கிறது. திரையில் சிவாஜி தம் குழந்தைக்குப் பாடுகிறார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கேட்டு உருகும் நம் ஆண்கள், தம் வீட்டுத் தொட்டிலின் முன் வந்ததும் கூச்சப்படுவது ஏனோ தெரியவில்லை. தாயின் ஒரு வேளை உறக்கம் தடைப்படாமல் இருக்க, இரவில் ஒரு முறை குழந்தையைத் தூக்கி உலாத்திப் பாட வேண்டியது தந்தையின் பங்கு. புதுத் தந்தையரிலும் பத்தில் ஒருவர் அளவில் மனச்சோர்வு காணப்படுவதால், அவரையும் அதே கேள்வி கேட்கிறோம்.

தந்தை துபாயிலோ கத்தாரிலோ பிரான்சிலோ இருக்கும் வீடுகள் நம் ஊரில் பல. குழந்தைகளுக்குத் திரை கூடாது என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு, காணொலி அழைப்பையும் நிறுத்திவிடலாமா என்று அஞ்சுகிறார்கள். வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் தந்த வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் எவ்விதத் திரையும் கூடாது என்று சொன்னாலும், உறவினரோடு பேசும் காணொலி அழைப்புக்கு விலக்கு அளிக்கிறது. கைப்பேசியில் ஓடும் பொம்மைப் பாட்டு, குழந்தை சிரித்தால் திரும்பச் சிரிக்காது, அப்பா சிரிப்பார். அழுகையை நிறுத்தவும் சோறூட்டவும் கைப்பேசியைக் கொடுக்கும் பழக்கத்தை ஆறாம் மாதத்தில் தொடங்கினால், இரண்டாம் வயதில் பேச்சு வரவில்லை என்று எங்களிடம் வரவேண்டியதாகிறது. நீங்கள் படம் பார்க்கையில் குழந்தையின் முகத்தைத் திரைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், ஒலியைத் தாழ்த்துங்கள். பால் குடிக்கும்போது குழந்தை உங்களை நிமிர்ந்து பார்த்தால் அந்தக் காட்சியை நிறுத்தி வையுங்கள், ஓடிப்போகாது.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் சில மாதங்களுக்குக் குழந்தையைத் திரையரங்குக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அங்குள்ள ஒலி பிஞ்சுக் காதுக்கு மிகை. கூட்டத்தின் இருமலும் உடன் வரும். இரண்டாவது இதனினும் கடுமையானது. இரவில் சோபாவிலோ நாற்காலியிலோ சாய்ந்து, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு படம் பார்த்தபடி உறங்கிவிடாதீர்கள். குழந்தையின் மூக்கும் வாயும் அழுந்தி மூச்சு முட்டும் ஆபத்து மெய்யானது. கண் செருகுகிறது என்றால் குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு நீங்களும் படுத்துவிடுங்கள்.

நீங்கள் பாடும்போது குழந்தை ஒருபோதும் அமைதியடைவதில்லை, பெருஞ்சத்தத்துக்கும் திடுக்கிடுவதில்லை என்றால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். செவித்திறன் சோதனை முதல் மாதத்துக்குள் முடிய வேண்டும். குறை இருந்தால் மூன்றாம் மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பேச்சு நன்கு வளரும்.

தாயைப் பொறுத்தவரை, இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்த்தால் அன்புக்குப் பதில் அச்சமோ வெறுமையோ எழுகிறது என்றால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். புறநோயாளர் பிரிவுக்கு வந்து சொல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தாலும், இல்லாத குரல் கேட்டாலும், பேச்சு தடுமாறினாலும் அது அவசர நிலை. தாயைத் தனியே விடாமல் அந்நேரமே அழைத்து வாருங்கள். பாலூட்டும்போதே உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன. எனவே பாலை நிறுத்த நேரும் என்று அஞ்சி யாரும் ஒளிக்க வேண்டியதில்லை. நேரில் வர இயலாத இரவுகளில், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.