புகைக்குழாய்க்குக் கிளாம்பு வாங்கப் போகிறீர்களா? அம்மாவின் அளவு நாடா போதும்!

தோட்டத்து லயமானாலும் சரி, பட்டணத்துத் தாமான் வீடானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பழைய கஞ்சிலுக்கோ சாகாவுக்கோ அடியில் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கேட்டால், மகன் காருக்கு டர்போ மாட்டுகிறான் என்பார்கள். அப்பாவுக்குப் பெட்ரோல் செலவைப் பற்றிய கவலை. அம்மாவுக்கு வேகத்தைப் பற்றிய கவலை. இரண்டும் நியாயமான கவலைகள்தாம். ஆனால் இந்த இரண்டையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று, சில வெள்ளிக்குக் கடையில் கிடைக்கும் ஓர் இரும்பு வளையத்தில் இருக்கிறது. புகைக்குழாயின் இரண்டு துண்டுகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத்தான் சொல்கிறோம். அதன் அளவு தவறினால் புகை வெளியேறும் இடம் மாறிவிடும். காரின் பின்னால் போகவேண்டிய புகை, நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியிலேயே கசியத் தொடங்கும். ஆகவே தாய்மார்கள் இதை ஆண்பிள்ளைகள் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

முதலில் டர்போ என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். என்ஜினிலிருந்து வெளியேறும் புகைக்குச் சூடும் உண்டு, வேகமும் உண்டு. வீணாகப் போகும் அந்த வேகத்தைக் கொண்டு ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறார்கள். அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், இழுவையும் கூடும். இதற்கு 1905-ஆம் ஆண்டிலேயே ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து பொறியியலாளர் உரிமம் பெற்றுவிட்டார். பயணிகள் காருக்கு இது வந்தது 1962-இல், அமெரிக்காவில். நம் நாட்டில் 2011-இல் புரோட்டோன் எக்சோரா போல்டும், 2021-இல் பெரோடுவா அத்தீவாவும் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வந்தன. அந்தக் கார்களில் எல்லாம் அளந்து செய்யப்பட்டது. தொல்லை வருவது, டர்போ இல்லாமல் பிறந்த காருக்கு நாமாக அதை மாட்டும்போதுதான்.

ஹாஃப் கட் கடையில் ஜப்பான் மிராவின் டர்போவை வாங்குகிறார்கள். குழாய் வேறொரு கடையிலிருந்து வரும். இல்லையென்றால் எல்லாம் ஒரே பெட்டியில் 'கிட்' என்று வரும். அந்தப் பெட்டியில் இருக்கும் கிளாம்பு, பெட்டியில் இருக்கும் குழாய்க்குப் பொருந்தும். காரில் ஏற்கெனவே இருக்கும் பழைய குழாயோடு சேரும் இடத்தில்தான் அது தொளதொளவென்று ஆடும், அல்லது ஏறவே ஏறாது. உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு ஓடவேண்டியதுதான்.

"எத்தனை இன்ச்?" என்பார் கடைக்காரர்.

"ரெண்டு இன்ச்சு, தவுக்கே!" என்பான் தம்பி.

இந்த 'ரெண்டு இன்ச்சு' என்ற சொல்லில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

எந்த இரண்டு அங்குலம்?

செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு நீராவிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் பழக்கம். அங்கே 2 அங்குலக் குழாய் என்றால் அது பெயரளவுக்குத்தான் 2 அங்குலம். அதன் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள், 60.3 மில்லிமீட்டர் இருக்கும். வீட்டுக்கு வரும் அரை அங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டமும் 21.3 மில்லிமீட்டர், அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்தான்! காரின் புகைக்குழாய்க் கணக்கு அப்படியன்று. அங்கே சொல்லும் அளவு குழாயின் வெளிவிட்டம். 2 அங்குலம் என்றால் வெளியே சரியாக 50.8 மில்லிமீட்டர். ஆக, ஆலை ஸ்டோரில் கிடக்கும் 2 அங்குலக் கிளாம்பை எடுத்துவந்து காரில் மாட்டினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும். எவ்வளவு முறுக்கினாலும் அது பிடிக்காது.

இன்னொரு தவறு, அறுத்த குழாயின் வாயில் அடிக்கோலை வைத்து உட்புறத்தை அளப்பது. கிளாம்பு குழாயின் வெளியேதான் உட்காருகிறது. அதற்கு உள்விட்டத்தைப் பற்றி அக்கறை இல்லை.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடா போதும். கம்பித் தூரிகையால் குழாயின் துருவையும் ஒட்டிய மண்ணையும் சுரண்டிவிட்டு, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, நாடாவைக் குழாயைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று வையுங்கள். கிடைக்கும் சென்டிமீட்டரை 8-ஆல் வகுத்தால் அங்குலக் கணக்கில் குழாயின் அளவு வந்துவிடும். சுற்றளவு 16 சென்டிமீட்டர் என்றால் 2 அங்குலக் குழாய். 18 என்றால் 2¼. 20 என்றால் 2½. 24 என்றால் 3 அங்குலம். ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும் சுற்றளவு 2 சென்டிமீட்டர் கூடும் என்று நினைவில் வைத்தாலும் சரிதான். பள்ளியில் படித்த 3.14-தான் இப்படி மாறுவேடத்தில் வருகிறது; 3.14-ஐ 2.54-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை, 8-க்கு மிக நெருங்கி நிற்கும். நாடா நுழையாத இடுக்கில் ஒரு காகிதக் கீற்றைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, பிறகு மேசையில் வைத்து அளந்துகொள்ளலாம். நூலால் அளக்க வேண்டாம். நூல் இழுபடும்.

அளக்கவேண்டிய இடத்தையும் சரியாகப் பார்க்க வேண்டும். ஒரு குழாயின் முனையை விரித்து, அதற்குள் இன்னொரு குழாயைச் செருகுவது வழக்கம். கிளாம்பு இறுக்குவது விரிந்த வெளிக்குழாயை. உள்ளே போவது 50.8 மில்லிமீட்டர் என்றால், வெளிக்குழாயின் தகட்டுக் கனமும் சேர்ந்து ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் வரும். நாடா 17 சென்டிமீட்டர் காட்டும். 17-ஐ 8-ஆல் வகுத்தால் 2⅛ அங்குலம். அந்த அளவுக் கிளாம்பைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு அங்குலக் குழாய்தானே என்று 2 அங்குலக் கிளாம்பை வாங்கி வந்தவர்கள், அதைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றப் பார்ப்பார்கள். உள்குழாய் ஒன்றரை அங்குலமாவது உள்ளே போயிருக்க வேண்டும். வெளிக்குழாயின் வாயில் இரண்டு மூன்று கீறல் வெட்டிவிட்டால்தான் கிளாம்பு இறுக்கும்போது அது சுருங்கிப் பிடிக்கும். அந்தக் கீறல்களின் உள்முனை செருகிய பகுதியைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் அதுவே புகைக்கு வழி.

எத்தனை வகைக் கிளாம்புகள்!

கடையில் மலிவாகக் கிடைப்பது யூ போல்ட்டு. யூ எழுத்துப் போல் வளைந்த கம்பியும், ஒரு சேணமும், இரண்டு நட்டும் கொண்டது. குழாயை நெரித்துப் பிடிக்கும். பிடிப்பு பலமானது. ஆனால் நெரித்த இடம் நசுங்கிவிடுவதால், பிறகு அந்தக் குழாய்களைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மப்ளர் பக்கம், அடிக்கடி கழற்றாத இடத்துக்கு இது போதும்.

பட்டைக் கிளாம்பு அகலமான தகட்டால் ஆனது. குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக அணைத்துப் பிடிக்கும், குழாய் நசுங்காது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செருகிய மூட்டுக்கு. அதன் உட்புறம் படிபோல் இரண்டு அளவில் இருக்கும். மற்றது, இரண்டு குழாய்களும் முனையோடு முனை முட்டி நிற்கும் மூட்டுக்கு. மாற்றி வாங்கிவிட்டால் அளவு சரியாக இருந்தும் கசியும்.

டர்போவை விட்டுப் புகை வெளியேறும் வாயில் பெரும்பாலும் இருப்பது வி பட்டை. இரண்டு பக்கமும் விளிம்பு வளையங்கள். அவற்றை வி வடிவப் பள்ளம் கொண்ட ஒரு பட்டை கவ்வி, ஒரே ஒரு போல்ட்டில் இறுக்கும். ஒரு ஸ்பானரில் கழற்றலாம், மாட்டலாம். இந்த வகையை வெளிநாட்டில் மார்மன் கிளாம்பு என்றும் சொல்வார்கள். அதைத் தயாரித்த மார்மன் நிறுவனத்தின் முதலாளி, பழைய ஆலிவுட் சிரிப்புப் படங்களில் நடித்த மார்க்ஸ் சகோதரர்களில் ஒருவரான செப்போ மார்க்ஸ்! விண்கலத்தை ராக்கெட்டோடு பிணைக்கவும் இதே வகைப் பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 2½ அங்குல வி பட்டை என்று பெட்டியில் போட்டிருப்பது குழாயின் அளவை. பட்டை கவ்வுவதோ விளிம்பை. விளிம்பின் விட்டமும் கனமும் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆகவே டர்போவின் விளிம்பை ஓரத்துக்கு ஓரம் அளந்து, கனத்தையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். பட்டையையும் விளிம்பு வளையத்தையும் ஒரே செட்டாக வாங்குவதே நல்லது. இன்னும் நல்லது, டர்போவின் அந்தப் பாகத்தையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது.

ரப்பர் குழாய்க்குப் போடும் ஜூபிலி கிளிப்பைப் பலர் புகைக்குழாயில் சுற்றிவிடுகிறார்கள். 1921-இல் லம்லி ராபின்சன் என்ற முன்னாள் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் கண்டுபிடித்தது அது. தண்ணீர்க் குழாய்க்கு அருமையான சாமான். புகைக்குழாயின் சூட்டில் அதன் மெல்லிய தகடு தளர்ந்துவிடும். டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாய்களுக்குக்கூட டி போல்ட்டுக் கிளாம்புதான் உறுதி. அங்கே அளக்கவேண்டியது சிலிக்கோன் குழாயின் வெளிப்புறம். உள்ளே 2 அங்குலமும் சுவர் 5 மில்லிமீட்டரும் என்றால் வெளியே சுமார் 61 வரும். அந்த எண் நடுவில் விழும்படியான கிளாம்பைத் தேர்ந்தெடுங்கள்.

சூடு பொல்லாதது

பெட்ரோல் என்ஜின் முழு மூச்சில் ஓடும்போது டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியசையும் எட்டும். நாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். பளபளக்கும் நாகப் பூச்சுக் கிளாம்பை டர்போவுக்கு அருகில் போட்டால் என்னவாகும் என்று சொல்லவா வேண்டும்? அங்கே துருப்பிடிக்காத எஃகு வேண்டும். என்ஜினுக்கும் டர்போவுக்கும் இடையில் செருகு மூட்டே கூடாது. போல்ட்டு வைத்த தடித்த விளிம்பும் எஃகுக் கேஸ்கட்டும்தான் அங்கே தாங்கும். அந்த இடத்தில் கசிந்தால் விசிறியைச் சுழற்றவேண்டிய புகை வெளியே ஓடிவிடும். டர்போ மாட்டியும் கார் பழையபடிதான் இழுக்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார்களில் அதற்கு முன்னால் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும்.

சூட்டில் குழாய் நீளவும் செய்யும். 1 மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். வளைந்து கொடுக்கும் நெளிகுழாய்த் துண்டு ஒன்று நடுவில் இல்லையென்றால், அந்த இழுப்பு முழுவதையும் கிளாம்பே வாங்க வேண்டும். அதனால்தான் புதிதாக மாட்டியதை ஒரு தடவை ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஸ்பானர் போட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு நட்டுகள் சூட்டில் போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையவை. மரையில் அதற்கென்று விற்கும் செம்புக் களிம்பைத் தடவி இறுக்கினால், அடுத்த முறை அறுத்தெடுக்கும் வேலை மிஞ்சும்.

அம்மாக்கள் கேட்கவேண்டிய கேள்வி

மாட்டி முடித்துவிட்டானா? "கசிவு பார்த்தியாப்பா?" என்று கேளுங்கள்.

பார்ப்பது எளிது. திறந்தவெளியில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருவர் அதை ஓடவிட, மற்றவர் கையுறை போட்டுத் தடித்த ஈரத்துணியால் புகைவாயைச் சில விநாடி மட்டும் அழுத்த வேண்டும். ஓட்டை இருந்தால் மூட்டில் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி கிளம்பும். சில நாள் ஓடிய காரில் மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலே கசிகிறது என்று பொருள். அடியில் படுத்துப் பார்ப்பவர் வெறும் ஜாக்கை நம்பக்கூடாது. ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடவே வேண்டாம்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் இடத்தில் அது 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம். பயணக் களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடுபவர்கள் எழுந்திருப்பதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வழியில், ஓய்விடத்தில் காரை நிறுத்தி, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு குடும்பமே தூங்குவது நம்மிடையே சாதாரணம். நின்ற காரில் கசியும் புகைக்கு வேறு போக்கிடம் இல்லை. தரைத் துளைகள் வழியே உள்ளே ஏறும். இப்படி உயிர்கள் போன செய்தி நம் பத்திரிகைகளில் ஒரு முறை இரு முறை அல்ல, பல முறை வந்திருக்கிறது. காரில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் என்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்து, அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும். யாராவது மயங்கினால் உடனே 999.

இன்னொரு வார்த்தை தகப்பன்மார்களுக்கு. டர்போ இல்லாத காருக்கு டர்போ மாட்டுவது ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவைப்படும் வேலை. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்துக்குப் பிறகு பணம் கேட்டுப் போகும்போது தகராறு வரும். இதையெல்லாம் சாமான் வாங்குவதற்கு முன்னால் மகனோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கடைக்குக் கிளம்பும்போது அளவுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: எந்த மூட்டு, வெளிச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர், செருகியதா முட்டியதா, டர்போவிலிருந்து எவ்வளவு தூரம். கடையில் கிளாம்பைக் கையில் வாங்கியதும், கொண்டுபோன காகிதக் கீற்றை அதன் உட்புறம் சுற்றி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுக்கட்டும்.