கொரிய நாட்டில் எமது இல்லறம்

கொரியா என்றவுடன் நம் நாட்டு இளையோர்க்கு இன்று நினைவில் எழுவன அந்நாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களும் பாட்டும் ஆட்டமுமே. பெரியோர்க்கோ கைத்தொலைபேசியும் மோட்டார் வண்டியும் நினைவிற்கு வரும். அந்நாட்டின் தலைநகராகிய சியோலில் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் மீண்ட எம்மிடம் உற்றார் உறவினர் வினவுவனவும் பெரும்பாலும் இவை பற்றியே. அங்கே எமது அடுப்பு எவ்வாறு எரிந்தது, பிள்ளைகள் எந்நேரம் வீடு திரும்பினர், அவர்கள் எம்மொழியிற் சண்டையிட்டனர் என்று கேட்பார் எவருமிலர். ஒரு குடும்பத்திற்கு இவையன்றோ பெரிய விடயங்கள்? ஆகவே இவற்றையே ஈண்டு எழுதலானோம்.

எம்மிருவருள் ஒருவர்க்கு ஆராய்ச்சித் துறையில் வேலை கிடைத்தமையால் 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சியோல் சேர்ந்தோம். அப்பொழுது மூத்த மகளுக்கு வயது 12; இளையவளுக்கு 9. கொரியாவிற் பாடசாலை ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கும். தொடக்கப் பாடசாலை 6 ஆண்டுகள், நடுநிலைப் பாடசாலை 3 ஆண்டுகள், உயர்நிலைப் பாடசாலை 3 ஆண்டுகள் என்பது அங்குள்ள ஒழுங்கு. மூத்தவள் நடுநிலைப் பாடசாலையின் முதலாம் வகுப்பிலும், இளையவள் தொடக்கப் பாடசாலையின் நான்காம் வகுப்பிலும் சேர்ந்தனர்.

நாம் குடியிருந்தது அடுக்குமாடி வீடொன்று. வாசலில் பாதணியைக் கழற்றிவிட்டே உள்ளே புகவேண்டும். இதனை எம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. புதுமையாக இருந்தது தரையே. சியோலில் தை மாதத்துச் சில இரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 10 பாகையையும் கடந்துவிடும். தரையின் அடியிற் பதித்த குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவர். இதற்கு ‘ஒண்டொல்’ என்று பெயர். எம் ஊரில் வெயிலுக்குக் குளிர்ச்சி தேடிச் சீமெந்துத் தரையில் உட்காருவோம். அங்கே பனிக்குச் சூடு தேடித் தரையில் உட்கார்ந்தோம். நால்வரும் நிலத்திலே கூடியிருந்து உண்ணும் வழக்கம் அவ்வாறே தொடர்ந்தது.

மகளே மொழிபெயர்ப்பாளர்

கொரிய எழுத்தை ஆக்குவித்தவர் சேஜொங் என்னும் மன்னர். 1446ஆம் ஆண்டில் அதனை நாட்டுக்கு வழங்கினார். அடிப்படை எழுத்துக்கள் இன்று 24. எம் இளைய மகள் அவற்றைச் சில நாட்களிற் கற்றுவிட்டாள். ஓராண்டு செல்வதற்குள் இரு பெண்களும் கொரியச் சிறுமியரைப் போலவே பேசலாயினர். நாமோ கடைத்தெருவில் விலை கேட்குமளவில் நின்றுவிட்டோம்.

இதனால் வீட்டின் ஒழுங்கு தலைகீழாயிற்று. வைத்தியரிடம் நோயைச் சொல்பவளும், வங்கியிற் படிவம் நிரப்புபவளும், எந்தக் குப்பையை எந்தப் பையில் இடவேண்டும் என்று எமக்கு விதிப்பவளும் மகளே ஆனாள். பாடசாலை பெற்றோர்க்கு அனுப்பும் அறிவித்தல்களையும் அவளே வாசித்துச் சொல்வாள். ஒருமுறை வகுப்பாசிரியை எம்மை அழைத்து இளையவளைப் பற்றி நெடுநேரம் உரையாற்றினார். பக்கத்திலிருந்த மகள், “நான் நன்றாகப் படிக்கின்றேனாம்,” என்று ஒரே வாக்கியத்தில் அதனை மொழிபெயர்த்து முடித்தாள்! ஆசிரியையின் முகத்திற்கும் அம்மொழிபெயர்ப்பிற்கும் பொருத்தம் இருக்கவில்லை. அடுத்த கிழமையே அப்பகுதியில் அயல்நாட்டுக் குடும்பங்களுக்கென இலவசமாக நடைபெறும் கொரிய மொழி வகுப்பில் நாம் இருவரும் பெயர் பதிந்தோம். பிள்ளைகளின் வாய் வழியாகவே உலகைக் காணும் பெற்றோர், அவ்வாயினை அடக்கவும் வழியறியார்.

வயதும் வரிசையும்

தமிழர் கொரியாவில் அந்நியராக உணராத இடமும் ஒன்றுண்டு, அஃது உறவுமுறை. தந்தையைக் கொரியப் பிள்ளைகள் ‘அப்பா’ என்றே அழைப்பர். தாய் ‘ஒம்மா’. சந்தையில் எவர் வீட்டுக் குழந்தையோ “அப்பா!” என்று கூவ, திரும்பிப் பார்த்த நாட்கள் பல. ஹல்பேட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டில் நூலொன்றே வெளியிட்டார். இரண்டும் ஒரு குலத்து மொழிகள் என்னும் கொள்கையை இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. எனினும் ஒலி ஒற்றுமை கேட்போர்க்கு ஆறுதலளிப்பதை எந்த அறிஞராலும் தடுக்க இயலாது.

‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நாம் காட்டும் வேறுபாட்டைக் கொரியர் வினைச்சொல்லின் ஈற்றிலே காட்டுவர். ஒரு வகுப்பு மேலே படிக்கும் மாணவியையும் எம் பெண்கள் ‘ஒன்னி’, அதாவது அக்கா, என்றழைத்தே பேசவேண்டும். ஆகையால் வயதைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவன்று. முன்னாளில் குழந்தை பிறந்தவுடனேயே ஒரு வயது என்று கொண்டு, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒரு வயதைக் கூட்டுவர். 2023ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், உலக வழக்கப்படி பிறந்த நாளிலிருந்தே வயதை எண்ணுமாறு வகுத்தது. பதினைந்தைத் தொட்டுவிட்டதாகத் தோழியரிடையே பெருமை பேசிக்கொண்டிருந்த இளையவளுக்கு இச்சட்டம் சிறிதும் பிடிக்கவில்லை.

இரவு பத்து மணி

2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்று வந்தது. மார்ச்சில் தொடங்கவேண்டிய பாடசாலைகள் ஏப்ரல் 9ஆந் திகதி முதற் படிப்படியாக இணையவழியே தொடங்கின. அந்நாட்களில் மூன்று வேளையும் நால்வரும் ஒன்றாக உண்டோம். அச்சம் நிறைந்த காலமாயினும் வீட்டில் பேச்சு நிறைந்திருந்தது.

2022இல் மூத்தவள் உயர்நிலைப் பாடசாலையிலும் இளையவள் நடுநிலைப் பாடசாலையிலும் கால் வைத்தனர். அவ்வாண்டிலேதான் எமது இராச் சாப்பாடு குலைந்தது. ‘ஹக்வொன்’ என்பது நம் நாட்டு ரியூஷன் நிலையம் போன்றது. கணிதத்திற்கு ஒன்று, ஆங்கிலத்திற்கு ஒன்று எனக் கொரிய மாணாக்கர் பலர் பாடசாலை விட்டதும் அவ்விடங்களுக்கே செல்வர். சியோலில் இரவு 10 மணிக்குப் பின்னர் இவ்வகுப்புகளை நடத்தலாகாது என்பது விதி. அவ்விதி செல்லும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விதி இல்லையேல் எந்நேரம் முடியுமோ! பத்து மணிக்கு அந்நிலையங்களின் வாயில்களிற் சிற்றூர்திகள் வரிசையாக நிற்கும். உறக்கம் கண்ணைக் கெடுக்கப் பிள்ளைகள் அவற்றில் ஏறுவர். இடைவேளையில் அவர்கள் உண்பது தெருமுனைக் கடையிலே விற்கும் முக்கோணச் சோற்றுருண்டையும் வெந்நீர் ஊற்றிய நூடில்சும். எம் மக்களும் அவ்வாறே உண்டனர். வீட்டிற் சமைத்த சோறும் பருப்பும் குளிர்ப் பெட்டிக்குட் புகுந்தன.

அக்காலத்தில் மேல் மாடியிலே வசித்த மூதாட்டி ஒருவர், “உங்கள் வீட்டில் ‘சிக்கு’ எத்தனை பேர்?” என்று எம்மைக் கேட்டார். எமது மொழி வகுப்பு அச்சொல் வரை எம்மைக் கொண்டுசென்றிருக்கவில்லை. தமிழ்ச் செவிக்குச் சிக்கலைப்போல் ஒலித்த அச்சொல்லின் பொருளை அவரே விளக்கினார். உணவு என்னும் சொல்லும் வாய் என்னும் சொல்லும் சேர்ந்து பிறந்ததாம். ஒரே வீட்டில் கூடி உண்பவரே ‘சிக்கு’, அவரே குடும்பத்தவர். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது நம்மவர் பழமொழி. கொரியரோ வாய்களை ஒன்றாக எண்ணிக் குடும்பம் என்கின்றனர். “நால்வர்,” என்று விடையிறுத்தோம். ஆயினும் அன்றிரவு உணவு மேசையில் இருந்தவை இரண்டு கோப்பைகளே.

கற்க வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுக்கப் பெற்றோர் எவர்க்கு மனம் வரும்? “எங்களுக்காகப் பட்டினி கிடவாதீங்கோ அம்மா, நீங்கள் சாப்பிட்டுப் படுங்கோ,” என்று மூத்தவள் அன்பாகவே கூறினாள். அன்பாகக் கூறியமையாற்றான் அதனை மறுத்துரைக்க இயலவில்லை. பசியைக் காட்டிலும் எம்மை வருத்தியது வேறொன்று: பெண்கள் இருவரும் தமக்குள் கொரிய மொழியிலேயே பேசத் தொடங்கியிருந்தனர். தமிழ் பேசுவதற்கென்று அவர்களுக்கிருந்த நேரம் அந்த இராச் சாப்பாட்டு நேரமே, அதுவும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைச் சோறு

சியோலின் தென்மேற்கே ஆன்சான் என்னும் தொழில் நகரம் உண்டு. நிலக்கீழ் இரயிலின் 4ஆம் வழியில் அங்கு செல்லலாம். வொன்கொக் என்னும் அதன் பகுதியிற் பல நாட்டு மக்களின் கடைகள் உள. தேங்காய்ப்பால் மாவும் கருவாடும் வாங்க நாம் அங்கு செல்வதுண்டு. ஒருநாள் மட்டக்களப்பைச் சேர்ந்த இளைஞர் இருவரைக் கண்டோம். 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தொழில் அனுமதித் திட்டத்தின் வழியாக இலங்கை இளைஞர் ஆயிரக்கணக்கில் கொரியத் தொழிற்சாலைகளுக்குச் சென்றுள்ளனர். ஒருமுறை சென்றால் 4 ஆண்டுகளும் 10 மாதங்களும் வரை தங்கலாம். ஆனால் அந்த விசாவில் மனைவி மக்களை உடனழைத்துச் செல்ல இடமில்லை.

அவ்விருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தோம். வாசிப்பு நிலையம் செல்லவிருந்த மூத்தவளை அன்று வீட்டில் நிற்கும்படி கேட்டுக்கொண்டோம். அவளே சோறு பரிமாறினாள். அவர்களுள் ஒருவர் தம் வழக்கத்தைச் சொன்னார். இலங்கை நேரம் கொரிய நேரத்திற்கு மூன்றரை மணித்தியாலம் பின்னிற்பது. அவர் தொழிற்சாலை விடுதியில் இரவு 9 மணிக்கு உண்ணும்போது ஊரில் மாலை ஐந்தரை. கைத்தொலைபேசியைக் கிண்ணத்தின்மேற் சாய்த்து வைத்து, மனைவியும் குழந்தையும் தேநீர் அருந்துவதைப் பார்த்துக்கொண்டே அவர் சோறுண்பாராம். “இரண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வேறொருவர் எனக்குச் சோறு போட்டவை,” என்று கூறிச் சிரித்தார். மூத்தவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவளே ஓர் அட்டவணையுடன் வந்தாள். புதன், ஞாயிறு ஆகிய இரு நாட்களும் ஹக்வொன் இல்லை. 7 மணிக்கு எல்லாரும் வீட்டில். மேசையிற் கைத்தொலைபேசியும் கொரிய மொழியும் கூடா. இளையவள் இரண்டாம் நிபந்தனையை எதிர்த்து வாதாடினாள், கொரிய மொழியில்! இவ்வொழுங்கிற்கு நாம் விலை கொடாமலில்லை. மூத்தவளின் கணிதப் புள்ளிகள் அப்பருவத்திற் சிறிது இறங்கின. வகுப்புத் தோழியர் ஏழு நாளும் படிக்கையில் ஐந்து நாள் படிப்பது எளிதன்று. ஆயினும் எவரும் அட்டவணையைக் கிழிக்கவில்லை.

தேர்வு நாள்

‘சுனுங்’ எனப்படும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு நவம்பர் மாதத்தில் ஒரே நாளில் நடைபெறும். அன்று அலுவலகங்கள் பிந்தித் திறக்கும். ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதி நிகழும்பொழுது 35 நிமிடங்களுக்கு விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். அயல்நாட்டுப் பெற்றோரின் பிள்ளைகள் இத்தேர்வின்றியே பல்கலைக்கழகம் புகத் தனிவழி உண்டெனினும், தோழியருடன் தானும் எழுதவேண்டும் என்று மூத்தவள் விரும்பினாள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி எழுதினாள். மேல் மாடி மூதாட்டி முதல்நாளே ‘யொத்’ என்னும் ஒட்டும் இனிப்பைக் கொடுத்தார். ஒட்டுவதை உண்டால் தேர்விலும் ஒட்டிக்கொள்ளலாமாம். வழுக்கும் கடற்பாசிச் சாற்றை அன்று சமைக்கலாகாது என்றும் எச்சரித்தார். அன்று மதிய உணவை மாணாக்கரே கட்டிச் செல்லவேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டோம். “புதன்கிழமைச் சோறு,” என்றாள். பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்துக் கட்டிக்கொடுத்தோம்.

இன்று மூத்தவள் கொரியப் பல்கலைக்கழகமொன்றில் விடுதியில் தங்கிப் படிக்கின்றாள். நாம் மூவரும் ஊர் திரும்பினோம். கொரியரும் நம்மைப்போலவே, கண்டவுடன் “சாப்பிட்டாயிற்றா?” என்று நலம் விசாரிப்பவர். அவள் புதனும் ஞாயிறும் தவறாது அழைத்து, “அம்மா, சாப்பிட்டீங்களோ?” என்று தமிழிற் கேட்கின்றாள். இளையவள் பக்கத்திலிருந்து கொரிய மொழியில் விடை சொல்லி அவளைச் சினமூட்டுகின்றாள்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உயர்தர வகுப்பு மாணாக்கர் இருள் சூழ்ந்த பின்னரே ரியூஷன் முடிந்து வீடு வருவதைக் காண்கின்றோம். ஆகவே இது கொரியாவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. மாணவச் செல்வங்களே, உங்கள் அட்டவணையில் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் நேரம் வகுக்கும்போது, கிழமையில் இரண்டு இரவுகளை வீட்டுச் சோற்றுக்கென ஒதுக்குங்கள். பெற்றோரே, அந்த இரண்டு இரவுகளிற் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் கேளாதிருங்கள்.